நுரையீரல் தேறிய பிறகு

கடுமையான கோவிட் தொற்றிலிருந்து பிழைத்து வீடு திரும்பிய ஒருவரின் டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் படித்தால், அதில் இருப்பது பெரும்பாலும் நெஞ்சின் கதைதான். ஆக்சிஜன் அளவு எவ்வளவு, சி.டி. ஸ்கேனில் நுரையீரல் எந்த அளவு தெளிந்திருக்கிறது, எத்தனை நாள் வென்டிலேட்டர், என்னென்ன ஊசி என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். மூளையைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிசயம். 2020ஆம் ஆண்டின் நெருக்கடியில் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. மூச்சு நின்றுவிடக் கூடாது என்பதற்கு மேல் எதையும் நினைக்க அன்று யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஆனால் அதன் பிறகு பிரிட்டன், ஜெர்மனி, சீனா, டென்மார்க், அமெரிக்கா எனப் பல நாடுகளில், குணமானவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படங்களை வரிசையில் வைத்துப் பார்க்கும்போது, நுரையீரல் தேறும் காலமும் மூளை தேறும் காலமும் வேறு வேறு என்பது தெரிகிறது. நுரையீரல் தேறிய பிறகும் மூளைக்கு மாதக்கணக்கு, சிலருக்கு வருடக்கணக்கு ஆகலாம். இதோடு சேர்ந்த இன்னொன்றும் தெரிகிறது. ஒரே ஒரு ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படுவதும் தவறு, நிம்மதியடைவதும் தவறு. மூளை தேறுகிறதா என்பது அதே மனிதரை மீண்டும் மீண்டும் பார்ப்பதில்தான் பிடிபடும்.

முதலில் ஸ்கேன் எதைக் காட்டுகிறது என்பதில் தெளிவு வேண்டும். எம்.ஆர்.ஐ. என்பது ஒரே இயந்திரம்தான். ஆனால் அதை வைத்துப் பல கேள்விகள் கேட்கலாம். ஒரு முறையில் எடுத்தால் மூளைப் பகுதிகளின் வடிவமும் தடிமனும் தெரியும். இன்னொரு முறையில் எடுத்தால் திசுவில் தேங்கிய இரும்பு தெரியும். ரத்தம் கசிந்த இடங்கள் கரும்புள்ளிகளாகத் தெரிவது இதனால்தான். மூன்றாவது முறை நரம்பிழைகளின் ஊடே நீர் எப்படி நகர்கிறது என்பதைக் காட்டும். இழைகளின் உறை சிதைந்திருந்தால் அந்த ஓட்டம் மாறும். பெட் ஸ்கேன் இவற்றிலிருந்து வேறுபட்டது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை போன்ற ஒரு பொருளை உடலில் செலுத்தி, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று அது பார்க்கிறது. ஆகவே ‘மூளை ஸ்கேன் நார்மல்’ என்ற சொல்லைக் கேட்டால், எந்தக் கேள்விக்கு நார்மல் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

தொற்றின் முதல் அலையில் ஐ.சி.யு.வில் இருந்தவர்களின் படங்கள் கவலையளிப்பவையாகத்தான் இருந்தன. பிரான்சில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, கடுமையான கோவிட் நோயாளிகளில் எம்.ஆர்.ஐ.யில் மாற்றம் தெரிந்த 37 பேரின் படங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டன. நினைவாற்றலோடு தொடர்புடைய பொட்டு மடலின் உட்பகுதியில் சிலருக்கு மாற்றம். வெண்பொருளில் சிலருக்குத் திட்டுத்திட்டான புண்கள். கிட்டத்தட்ட நால்வரில் ஒருவருக்கு மூளை முழுக்கச் சிதறிய நுண் ரத்தக்கசிவுகள். கிருமி மூளைக்குள் புகுந்து தின்கிறது என்ற அச்சம் அப்போது பரவியது. அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த அவீந்திர நாத் குழுவினர் இறந்தவர்களின் மூளைத் திசுவை மிகச் சக்தி வாய்ந்த காந்தத்தில் வைத்துப் படமெடுத்து, பிறகு நுண்ணோக்கியிலும் பார்த்தார்கள். நுண்குழாய்கள் மெலிந்து கசிந்திருந்தன, அவற்றைச் சுற்றி அழற்சி இருந்தது. கிருமியை அவர்களால் அங்கே காண முடியவில்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் செய்த பிரேதப் பரிசோதனைகளும் ஏறக்குறைய இதையே சொல்லின: ஆக்சிஜன் பற்றாக்குறையின் தழும்புகளும் விழிப்படைந்த மைக்ரோகிளியா எனும் மூளைக் காவல் செல்களும் நிறைய, கிருமி மிகச் சொற்பம்.

உடல் எடையில் மூளை ஏறக்குறைய இரண்டு சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நுரையீரல் திணறும்போது முதலில் பட்டினி கிடப்பது அது. ரத்தம் உறைந்து நுண்குழாய்கள் அடைபடுவதும், உடலெங்கும் கொதிக்கும் அழற்சியின் ரசாயனங்கள் மூளைக்குள் கசிவதும் அடுத்தடுத்த அடிகள். கோவிட் நோயாளிகளிடம் கண்ட அந்தக் கரும்புள்ளிகள், மூச்சுத்திணறல் நோய்க்குறியால் ஐ.சி.யு.வில் கிடந்த பிற நோயாளிகளிடமும், உயர்ந்த மலைகளில் ஆக்சிஜன் குறைந்து மூளை வீங்கிப் பிழைத்த மலையேறிகளிடமும் முன்பே காணப்பட்டவை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் புள்ளிகள் கசிந்த ரத்தம் விட்டுச்சென்ற இரும்பு. புண் ஆறிப் பல வருடம் கழிந்தும் அவை படத்தில் அப்படியே இருக்கும். அவற்றைப் பார்த்து ‘இன்னும் மூளை பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்று எண்ணுவது, முழங்கால் தழும்பைக் காட்டி இன்னும் ரத்தம் வருகிறது என்று சொல்வதற்குச் சமம்.

இந்தக் குழப்பங்களுக்கு நடுவே ஓர் ஆய்வு மட்டும் தனித்து நிற்கிறது, ஏனென்றால் அதனிடம் ‘முன்’ இருந்தது. பிரிட்டனின் பயோபேங்க் திட்டம் பெருந்தொற்றுக்கு முன்பே ஆயிரக்கணக்கான நடுவயதினரின் மூளையைப் படமெடுத்து வைத்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்வெனையல் டூவோ தலைமையிலான குழு அவர்களில் 785 பேரை மறுபடியும் அழைத்துப் படமெடுத்தது. வயது 51 முதல் 81 வரை. இரண்டு படங்களுக்கும் இடையே சராசரியாக மூன்றாண்டுக்குச் சற்று மேல். அந்த இடைவெளியில் 401 பேருக்குக் கோவிட் வந்திருந்தது, 384 பேருக்கு வரவில்லை. 2022 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் முடிவுகள் வந்தன. வயது ஏற ஏற எல்லோருடைய மூளையும் கொஞ்சம் சுருங்கும்; ஆனால் தொற்று வந்தவர்களிடம் முகர்வோடு தொடர்புடைய பகுதிகளில் சாம்பல் பொருளின் தடிமன் கூடுதலாகக் குறைந்திருந்தது, மூளையின் மொத்த அளவும் கூடுதலாகச் சுருங்கியிருந்தது. பகுதியைப் பொறுத்து இந்தக் கூடுதல் இழப்பு 0.2 முதல் 2 சதவீதம் வரை. எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கும் ஒரு தேர்வை முடிக்கத் தொற்று வந்தவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அவர்களில் 15 பேர்தான். அவர்களைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை.

இந்தச் செய்தி உலகெங்கும் ‘கோவிட் மூளையைச் சுருக்குகிறது’ என்ற தலைப்போடு ஓடியது. தலைப்பு பொய்யில்லை, ஆனால் அரைகுறை. சுருங்குவது என்றால் செல்கள் செத்துவிட்டன என்றுதான் பொருளா? அப்படி இருக்க வேண்டியதில்லை. ஸ்டீராய்டு மருந்து நாள்பட உட்கொண்டவர்களுக்கும், பட்டினி கிடந்து மெலிந்தவர்களுக்கும், நாட்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் மூளை சுருங்குவதும், காரணம் நீங்கிய பிறகு அந்தச் சுருக்கம் கணிசமாக மீள்வதும் பல பத்தாண்டுகளாக ஸ்கேன்களில் பார்க்கப்பட்டவை. முகர்வுப் பகுதியைப் பொறுத்தவரை இன்னொரு விளக்கமும் உண்டு. மூக்கிலிருந்து செய்தி வராவிட்டால் அதைப் பெறும் பகுதி பயன்பாடு குறைந்து மெலியும். கோவிட் வருவதற்கு முன்பே ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், வேறு கிருமிகளால் வாசனையை இழந்தவர்களுக்கு ரோஜா, எலுமிச்சை, கிராம்பு போன்றவற்றைத் தினமும் முகரும் பயிற்சி கொடுத்து, பயிற்சிக்குப் பின் மூளையின் சில பகுதிகளில் சாம்பல் பொருள் கூடியிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். டூவோ குழுவின் இரண்டாவது படம், தொற்று உறுதியாகிச் சராசரியாக 141 நாள் கழித்து எடுக்கப்பட்டது. அதாவது நாலரை மாதம். அடிபட்ட ஒரு மூளைக்கு அது குணமாகும் வழியின் தொடக்கப் பகுதி. முடிவை அங்கே தேட முடியாது.

அப்படியானால் மீட்சி படங்களில் தெரிகிறதா? தெரிகிறது, ஆனால் முழுமையாக இல்லை. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் கோவிட்டுக்காகச் சேர்க்கப்பட்டு நரம்பியல் அறிகுறி இருந்தவர்களுக்குப் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். நெற்றிப் பகுதியிலும் உச்சிப் பகுதியிலும் மூளைப் புறணி சர்க்கரையை எரிப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. திட்டமிடுவதும் கவனத்தை நிலைநிறுத்துவதும் அந்தப் பகுதிகளின் வேலை. அவர்களில் எட்டுப் பேரை ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து மறுபடி படமெடுத்தபோது மங்கிக் கிடந்த இடங்கள் பெருமளவு ஒளி பெற்றிருந்தன. 30 மதிப்பெண்ணுக்கான மோக்கா என்ற அறிதிறன் தேர்வில் அவர்களுடைய சராசரி 19லிருந்து 23க்கு உயர்ந்திருந்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 19 அப்படியே நிற்கவில்லை என்பது நல்ல செய்தி. வழக்கமாக இயல்பு என்று கொள்ளப்படும் 26ஐ 23 இன்னும் தொடவில்லை என்பதும் உண்மை. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அதே எட்டுப் பேரை இரண்டு முறை பார்த்திருக்கிறார்கள், அதில்தான் அதன் மதிப்பு.

சீனத்து ஆய்வுகள் வேறொரு புதிரைப் போட்டன. ஷாங்காயின் ஃபூதான் பல்கலைக்கழகத்தினர் குணமான 60 பேரை மூன்று மாதம் கழித்துப் பார்த்து 2020 ஆகஸ்டிலேயே வெளியிட்டார்கள். அவர்களிடம் ஹிப்போகாம்பஸும் முகர்வுப் புறணியும் சுருங்கியிருக்கவில்லை. தொற்று வராதவர்களைவிடப் பெரிதாக இருந்தன. அது அழற்சியால் வந்த வீக்கமாக இருக்கலாம், சேதத்தை ஈடுகட்ட மூளை செய்யும் மராமத்தாகவும் இருக்கலாம். நோய்க்கு முந்தைய படம் இல்லாததால் அந்தப் படங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. பின்னர் வுஹான் நோயாளிகளை மூன்றாம் மாதத்திலும் பத்தாம் மாதத்திலும் படமெடுத்தவர்கள், புறணியின் தடிமனிலும் ரத்த ஓட்டத்திலும் கண்ட மாற்றங்கள் காலப்போக்கில் நகர்வதையும், ஓரளவு இயல்பை நோக்கித் திரும்புவதையும் கண்டார்கள். மூளை ஒரே நிலையில் நிற்பதில்லை. வீங்குகிறது, வற்றுகிறது, மறுபடி சீராகிறது. எந்த வாரத்தில் கதவைத் திறந்து பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்து உள்ளே தெரிவது மாறும்.

மீளாமல் தங்கிவிடுவதும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாதம் வெறும் ஆறுதலாகிவிடும். பிரிட்டனில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 259 பேரைச் சராசரியாக ஐந்து மாதம் கழித்துப் பல உறுப்புகளையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, மூளையில் மாற்றம் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்ஃபோர்டும் 7 டெஸ்லா என்ற மிக வலுவான காந்தத்தைக் கொண்டு, தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலத்தில் மருத்துவமனையில் சேர்ந்த 30 பேரைப் பார்த்தன. வழக்கமான ஸ்கேன்களில் பிடிபடாத மாற்றங்கள் மூளைத்தண்டில் தெரிந்தன. மூச்சையும் களைப்பையும் பதற்றத்தையும் ஆளும் இடம் அது. இந்தியாவிலும் டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் குணமான 46 பேரிடம் மூளைத்தண்டிலும் நெற்றிப் பகுதியிலும் இதையொத்த மாற்றங்களைக் கண்டு 2022இல் அறிவித்தார்கள். எல்லாவற்றிலும் கனமானது 2024 செப்டம்பரில் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு. மருத்துவமனையில் இருந்த 351 பேரை ஓராண்டுக்குப் பிறகு சோதித்தார்கள். அவர்களுடைய அறிதிறன் குறைவு, 50 வயதிலிருந்து 70 வயதுக்குப் போனதற்கு நிகராக இருந்தது. நரம்பு சேதத்தைக் காட்டும் புரதங்கள் ரத்தத்தில் அப்போதும் கூடுதலாக இருந்தன. மூளையின் முன் சிங்குலேட் பகுதியில் சாம்பல் பொருள் குறைந்திருந்தது. ‘எனக்கு முன்போல் ஞாபகம் இல்லை’ என்று நோயாளிகள் சொன்னதும், தேர்வுகள் காட்டியதும் பெரிதும் ஒத்துப்போயின. மனப்பிரமை, சோம்பல், வயசாயிடுச்சு என்று வீட்டாரும் சில மருத்துவர்களும் தள்ளிவிட்ட புகார்களுக்கு இதைவிட நேரான பதில் வேறில்லை.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். இதெல்லாம் கோவிட்டின் வேலையா, அல்லது எந்தக் கடும் நோயும் மூளைக்குச் செய்யும் வேலையா? கோபன்ஹேகனில் இதைச் சரியான முறையில் சோதித்தார்கள். கோவிட்டுக்காகச் சேர்ந்த 120 பேரை, நிமோனியா, மாரடைப்பு போன்ற பிற நோய்களுக்காகச் சேர்ந்த 125 பேரோடும், ஆரோக்கியமான 100 பேரோடும் ஒன்றரை ஆண்டு கழித்து ஒப்பிட்டார்கள். கோவிட் நோயாளிகள் ஆரோக்கியமானவர்களைவிடப் பின்தங்கினார்கள். மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. கோவிட் வருவதற்கு முன்பே, 2013இல், அமெரிக்காவில் 821 ஐ.சி.யு. நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஓராண்டு கழிந்தும் மூவரில் ஒருவருக்கு அறிதிறன் தலையில் நடுத்தர அடிபட்டவர்களின் அளவுக்குக் குறைந்திருந்ததைக் காட்டியிருந்தது. இந்த ஆட்சேபத்தை நான் பெருமளவு ஏற்கிறேன். லேசான தொற்றிலும் முகர்வுப் பகுதி மெலிந்தது கோவிட்டுக்கே உரிய ஏதோ ஒன்று இருப்பதைக் காட்டுகிறது. ஆனால் கடும் நோயாளிகளின் மூளையில் தெரியும் சேதத்தில் பெரும் பங்கு கடும் நோய்க்கும் அதன் சிகிச்சைச் சூழலுக்கும் உரியது என்றே ஆதாரங்கள் சாய்கின்றன. அப்படி ஏற்பதால் பிரச்சினை சிறிதாவதில்லை. கோவிட் ஓய்ந்தாலும் ஐ.சி.யு.க்கள் இருக்கத்தான் போகின்றன.

குறிப்பாக ஒரு விஷயம் அங்கே நம் கைக்குள் இருக்கிறது. மருத்துவர்கள் டெலிரியம் என்பதை நம் பாட்டிமார் ஜன்னி என்றார்கள்: ஆள் தெரியாமல், பொழுது தெரியாமல், இல்லாததைக் கண்டு பிதற்றுவது. ஐ.சி.யு.வில் ஜன்னி நீடித்த நாள்கள் கூடக் கூட, மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் மூளையின் அளவு குறைந்திருந்ததைக் கோவிட்டுக்கு முந்தைய ஆய்வே காட்டியிருக்கிறது. 2020இன் முதல் மாதங்களில் 14 நாடுகளின் ஐ.சி.யு.க்களில் இருந்த 2,088 கோவிட் நோயாளிகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஜன்னி கண்டிருந்தது. பென்சோடயசெபைன் வகை மயக்க மருந்து சொட்டுச் சொட்டாக ஏற்றப்பட்டவர்களுக்கு அதன் வாய்ப்பு 59 சதவீதம் கூடியது. குடும்பத்தாரை நேரிலோ கைபேசித் திரையிலோ பார்த்தவர்களுக்கு 27 சதவீதம் குறைந்தது. இது தொடர்புதான், காரணம் என்று நிரூபணமாகிவிடவில்லை. கொஞ்சம் தேறியவர்களைத்தான் உறவினரிடம் பேசவிட்டிருப்பார்கள் என்று வாதிடலாம். ஆனாலும் பெருந்தொற்றுக் காலத்தில் உறவுகளைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தியதன் விலையை, நோயாளியின் மனம் மட்டுமே கொடுத்தது என்று இனி நம்ப முடியாது.

மற்றோர் ஆட்சேபம் எதிர்த் திசையிலிருந்து வரும். இவ்வளவு ஆதாரம் இருந்தால், கடும் கோவிட் வந்த எல்லோரும் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டியதுதானே? வேண்டாம் என்பதே என் பதில். மேலே சொன்ன எண்கள் எல்லாம் கூட்டத்தின் சராசரிகள். ஒரு சதவீத மெலிவு நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் அடுக்கும்போது தெரிவது. தனியொருவரின் படத்தில் எந்த ரேடியாலஜிஸ்ட்டாலும் அதைக் கண்ணால் பிரிக்க முடியாது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து எடுத்த ஸ்கேனில் ‘நார்மல்’ என்று வந்தால், மூளை மூட்டத்தோடு தவிப்பவரை ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று வீட்டில் எல்லோரும் சொல்லத் தொடங்குவார்கள். வயதானவர்களுக்கு வழக்கமாக இருக்கும் சில வெண்புள்ளிகள் தெரிந்துவிட்டால், அதை டிமென்ஷியா என்று எண்ணித் தூக்கம் கெடும். இரண்டு விளைவும் தீங்கு. பக்கவாதம், வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், வழக்கத்துக்கு மாறான கடும் தலைவலி இருந்தால் ஸ்கேன் அவசியம். அதை மருத்துவர் முடிவு செய்வார்.

கூட்டத்துக்கு ஸ்கேன் கற்றுக்கொடுத்ததைத் தனிமனிதருக்குப் பயன்படுத்த வேறு கருவி இருக்கிறது. ஃப்ரைபுர்க்கில் 19லிருந்து 23க்கு ஏறியதைக் காட்டிய அதே மோக்கா தேர்வுக்குக் காகிதமும் பேனாவும் போதும், நேரம் பத்து நிமிடம். கடிகாரம் வரைய வேண்டும், சில சொற்களைச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்ல வேண்டும், எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். தமிழிலும் அது இருக்கிறது. ஐ.சி.யு.விலிருந்து வீடு திரும்பிய ஒருவர் நெஞ்சு மருத்துவரைப் பார்க்க மூன்றாம் மாதம் வரும்போதும், ஆறாம் மாதம் வரும்போதும், ஓராண்டு முடிவிலும் இதை ஒரு முறை செய்து, மதிப்பெண்ணை அதே கோப்பில், ஆக்சிஜன் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.